எண்ணாமல் ஏலமா?

பெரிய நிகோபார் தீவை அடுத்த கடலடிக் கனிமங்களை எடுக்க, ஏழு பகுதிகளை மத்திய சுரங்க அமைச்சகம் 2024 நவம்பரில் ஏலத்துக்கு அறிவித்தது. நிக்கலும் கோபால்ட்டும் நாட்டுக்குத் தேவை என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆழத்தில் வாழும் பிராணிகள் எவை, எத்தனை என்ற கணக்கு எங்கே?

அந்தக் கணக்கை முதலில் தொடங்கியது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து அளவைக் கப்பலான இன்வெஸ்டிகேட்டர். கடலை அளந்து வரைபடம் போடுவதுதான் அதன் வேலை. 1888 முதல் 1892 வரை அதில் டாக்டராக இருந்த ஆல்காக், இடையில் கிடைத்த நேரத்தில் ஆழ்கடலில் வலை இறக்கினார். பதினான்கு கால்களுடன் சாண் நீளம் வளரும் பாத்தினோமஸ் போன்ற விசித்திரப் பிராணிகள் வங்கக் கடலிலிருந்து கிடைத்தன. பின்னர் அவரே கல்கத்தா மியூசியத்தின் பொறுப்பை ஏற்றார். ஓய்வு நேரத்து வலையிலேயே இவ்வளவு சிக்கியது என்றால், சிக்காதவை எவ்வளவு இருக்கும்!

ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி எட்டுவதில்லை. மேலிருந்து உதிரும் கழிவும் பிணமுமே அங்கு பெரும்பாலான பிராணிகளுக்கு ஆகாரம். எதுவும் அவசரமாக வளராத இடம் அது. உருளைக்கிழங்கு போன்ற கனிம உருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே பருக்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு கடற்பஞ்சுகளும் பிறவும் வாழ்கின்றன. உருண்டை போனால் அவற்றுக்கு வீடு இல்லை. பசிபிக் கடலில் 1979ல் சோதனைக்காக ஓட்டிய சுரங்க இயந்திரத்தின் தடம் 44 ஆண்டுகளுக்குப் பிறகும் அழியாமல் இருந்ததை விஞ்ஞானிகள் கண்டனர். சில சிறு பிராணிகள் மட்டும் அங்கு திரும்பத் தொடங்கியிருந்தன.

கிடங்கை ஒப்படைக்குமுன் சரக்கு இருப்பு எடுக்க வேண்டும் என்பது கடைநிலை குமாஸ்தாவுக்கும் தெரியும். கடலுக்கு மட்டும் அந்த விதி கிடையாதா?

வசதி இல்லை என்று சொல்வதற்கில்லை. 2021ல் 4,077 கோடி ரூபாய்க்கு அனுமதிக்கப்பட்ட ஆழ்கடல் திட்டத்தில் சுரங்கத் தொழில்நுட்பமும் உண்டு, உயிரின ஆய்வும் உண்டு. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் 'மத்ஸ்யா' கலத்தைச் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்துள்ளது. அதன் தொடக்கப் பயணங்களில் சிலவற்றைப் பெரிய நிகோபார் கடலுக்கு ஒதுக்க வேண்டும். அங்கு கண்ட பிராணிகளின் பட்டியலை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அதுவரை எந்த கம்பெனியின் இயந்திரமும் அங்கு இறங்க அனுமதி கூடாது.