சாவியைக் கொடுப்பதற்கு முன்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால் எங்கள் பகுதியில் பெற்றோர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. மகனையோ மகளையோ எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்பது முதலாவது. சில ஆண்டுகளாக அதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டுள்ளது: பிள்ளைக்கு எந்தக் கார் வாங்கித் தருவது? பொட்டிபுரம் தொடங்கி போடிநாயக்கனூர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் ஏலக்காய் விவசாயிகளும் வணிகர்களும் அரசு ஊழியர்களும் இதைக் கேட்கிறார்கள். விலை, மைலேஜ், மறுவிற்பனை மதிப்பு, சன்ரூஃப் என எல்லாவற்றையும் விசாரிப்பவர்கள், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது தமிழ்நாடு; இங்கு நிகழ்ந்தவை 64,105 விபத்துகள். அதே ஆண்டு டிசம்பரில் குமுளி மலைப்பாதையில் கார் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பகுதி ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் இறந்ததை தேனி மாவட்டம் மறந்திருக்காது. நம் ஊர்ச் சாலை சமவெளிச் சாலை அன்று. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பனியும் மழையும் சேர்ந்துகொண்டால், பழகிய ஓட்டுநர்களே அங்கு நிதானிக்கிறார்கள்.

சட்டத்தின் நிலையை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே, பதின்பருவத்தில் சட்டப்படி கார் ஓட்டக்கூடியவர்கள் 18, 19 வயதினர் மட்டுமே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. 2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி, மென்பொருள் துறையில் பணியாற்றிய இரு இளைஞர்கள் இறந்தபோது நாடே கொதித்தது. எனினும், தோட்டத்துப் பாதையில்தானே ஓட்டுகிறான் என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் ஜீப்பைக் கொடுக்கும் வழக்கம் மலையடிவார ஊர்களில் இன்னும் மறையவில்லை.

இனி காருக்கு வருவோம். பலரும் பிள்ளைக்கு முதலில் வாங்கித் தருவது பழைய கார்தான். பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பழைய கார் என்றதும் ஜார்ஜ் ஏக்கர்லோஃப் நினைவுக்கு வருவார். 1970-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டதே. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சராசரி விலையையே தர முன்வருவார். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார்; சந்தையில் மோசமான கார்களே மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. விற்பவருக்குத் தெரிந்ததை நாமும் தெரிந்துகொள்ளும் வரை விலையைப் பேசக் கூடாது என்பதே இதிலிருந்து பெற்றோர் பெற வேண்டிய பாடம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இந்தத் தகவல் இடைவெளியைக் குறைக்க இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று, மோதல் சோதனை நட்சத்திரங்கள். 2014-இல் குளோபல் என்சிஏபி அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தும், காற்றுப்பை இல்லாத ரகங்களில், பெரியவர்களின் பாதுகாப்புக்குப் பெற்றவை பூஜ்ஜிய நட்சத்திரங்கள். ஆனால், அதே போலோ காற்றுப்பைகளுடன் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. ஒரே பெயர், ஒரே தோற்றம். ரகம் மட்டுமே வேறு. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் காரானது. 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்சிஏபி' என்ற நம் நாட்டுச் சோதனைத் திட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்த நட்சத்திரங்களைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவை உற்பத்தி நிறுவனத்துக்கு உரியவை அல்ல. குறிப்பிட்ட மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியவை. முன்மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. அதற்கு மேற்பட்ட வேகத்துக்கு நட்சத்திரம் எந்த உறுதியும் தருவதில்லை. தடுப்பின் மீது மோதும் சோதனை, ஏறத்தாழ ஒத்த எடையுள்ள இன்னொரு காருடன் மோதுவதற்கு ஒப்பானது. எதிரே வரும் லாரிக்கு அது பொருந்தாது. சாலையோரப் பள்ளத்தில் உருள்வதை எந்த நட்சத்திரமும் அளப்பதில்லை. ஆதலால், மோதலைத் தாங்கும் திறனோடு, வாகனம் வழுக்காமல் காக்கும் கருவியும் நமக்கு முக்கியம்.

இரண்டாவது வழி, தயாரிப்புத் தேதி. இதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பதிவுச் சான்றிதழைப் பார்த்தாலே போதும். திடீரென பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. ஓட்டுநருக்கான காற்றுப்பையும் வேக எச்சரிக்கை ஒலியும் 2019 ஜூலை முதல் கட்டாயமாயின. முன் இருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 இறுதிக்குள் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே, பழைய கார் வாங்குவோருக்கு எளிய விதி ஒன்றைச் சொல்லலாம்: 2022 அல்லது அதற்குப் பின் தயாரான காரைத் தேடுங்கள். அதைவிடப் பழைய, பெரிய, ஆடம்பரமான காருக்காக அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் மலைச்சாலைக்கு இன்றியமையாத ஒன்று, இஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. வளைவில் கார் வழுக்கத் தொடங்கினால், அதை உணர்ந்து தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்தும் கருவி இது. அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். இங்கோ, பாரத் என்சிஏபியில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இது வேண்டும். அந்தச் சோதனையோ நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோர், இஎஸ்சி இருக்கிறதா என்று கேட்டால், விற்பனையாளர்களின் பேச்சே மாறும்.

பழைய ஜீப்பைப் பற்றி நம் பகுதியில் ஒரு நம்பிக்கை உண்டு: 'கனத்த இரும்பு, ஒன்றும் ஆகாது' என்பார்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு ஆகும். மோதலின் விசை எங்கேனும் செலவழிந்தாக வேண்டும். நவீன கார்களின் முன்பகுதி நசுங்குவது பலவீனத்தால் அன்று. விசையை உள்வாங்கி, பயணிகள் அமரும் கூண்டைக் காப்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்படுகிறது. நசுங்காத வண்டி அந்த விசையை மனித உடலுக்குக் கடத்துகிறது. தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி நாள்தோறும் மலையேறும் பழைய ஜீப்புகள் ஒரு தேவையின் விளைவு; அவை இளைஞருக்கான முதல் வாகனம் ஆகா.

காரைத் தேர்ந்த பின், நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் அணையாமல் இருந்தாலும் கோளாறு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பொத்தான்கள் தேயாமல் பளபளப்பாகத் தெரியும் டயரும் வயதால் இறுகியிருக்கக்கூடும். பிரேக் திரவம் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தும் பிரேக் பிடிக்காமல் போகும். திரவத்தை மாற்ற ஆகும் செலவு, காரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

செலவு என்றதும் ஏலக்காயைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019 ஆகஸ்டில் ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பின்னர் விலை இறங்கியது. விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில், அந்த வருமானம் நிலைக்கும் என்று எண்ணி மிகப்பெரிய காரைத் தவணையில் வாங்குவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விலை சரிந்ததும் தவணை நிற்பதில்லை. டயர் மாற்றுவதும் சர்வீசும் காப்பீடும்தான் தள்ளிப்போகின்றன. பராமரிக்க இயலாத பெரிய காரைவிட, பராமரிக்க முடிந்த நடுத்தரக் கார் பாதுகாப்பானது. கையிலுள்ள தொகை முழுவதையும் காருக்கே செலவிடாமல், ஒரு பங்கைப் புதிய டயர்களுக்கும் மலைச்சாலைப் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். குதிரைத் திறன் மிகுந்த எஞ்சினைத் தவிர்த்துவிடுங்கள்.

கார் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே. 2023 ஜூன் முதல் போடியிலிருந்து மதுரைக்கு அகல ரயில் பாதையில் ரயில் மீண்டும் ஓடுகிறது. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குக் கார் தேவையில்லை. ஆனால், காரை மறுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது சிக்கனமாகலாம், பாதுகாப்பாகாது. 2022-இல் சாலையில் இறந்தோரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

பாதுகாப்பான காரை வாங்கியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பாதுகாப்புக் கருவிகள் கூடும்போது ஓட்டுநர் துணிச்சலும் கூடி, பயனின் ஒரு பகுதியை விழுங்கிவிடலாம் என்று 1975-இல் சாம் பெல்ட்ஸ்மன் என்ற பொருளியலாளர் வாதிட்டார். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; எனினும் 18 வயதைப் பொறுத்தவரை அவர் எச்சரிக்கையைப் புறந்தள்ள இயலாது. நியூசிலாந்து 1987-இலேயே படிப்படியாக உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. புதிய ஓட்டுநர் இரவிலும் நண்பர்களோடும் ஓட்டுவதற்குத் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் இருக்கும். அனுபவம் கூடக் கூட அவை தளரும். இங்கு சமதளத்தில் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர், மறுநாள் இரவே நான்கு நண்பர்களுடன் போடிமெட்டுக்கு ஏறலாம். சட்டம் தடுக்காது.

எனவே, அந்தக் கட்டுப்பாட்டை வீடே விதிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் இரவில் மலையேறக் கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல், ஒரு நண்பருக்கு மேல் ஏற்றக் கூடாது. பின்னிருக்கையில் அமர்வோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022-இல் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் பயணித்தபோதே விபத்தில் இறந்தார். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இவற்றைச் சாவி கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னர் சொன்னால் அது தண்டனையாகத் தோன்றும்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. மோதல் சோதனையைக் கட்டாயமாக்கி, காரின் நட்சத்திரத்தைப் பதிவுச் சான்றிதழிலேயே அச்சிடலாம். பழைய கார் வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. இஎஸ்சியை எல்லா ரகங்களிலும் கட்டாயமாக்கலாம். தேனி, நீலகிரி போன்ற மாவட்டங்களில் உரிமத் தேர்வில் மலைச்சாலைப் பயிற்சியைச் சேர்க்கலாம். இவையெல்லாம் வரும் வரை, நம் வீட்டுப் பிள்ளைக்கான விதிகளை நாமே எழுத வேண்டும். விற்பனையாளரிடம் கேட்கும் முதல் கேள்வியை மாற்றுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.