பிழைத்தோர் என்னும் சொல்

1985-86 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரத்திலும் அதனை அண்டிய பகுதிகளிலும் யப்பானிய மூளையழற்சி பரவியபோது 400 பேருக்கு அண்மித்தோர் நோயுற்றனர். 60 பேருக்கு மேல் மாண்டனர். 1987-88 இல் அந்நோய் முன்னையினும் பெரிதாய் மூண்டது. மாண்டோர் தொகை எமது சுகாதார வரலாற்றிற் பதிவாகியுள்ளது. எஞ்சியோரைப் 'பிழைத்தோர்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டு ஏட்டைப் புரட்டுகின்றோம். இவ்வழக்கத்துக்கு எதிராகவே ஈண்டு எழுதப்படுகின்றது.

வயல்நீரிற் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு, கொக்கு, பன்றி ஆகியவற்றிடமிருந்து இவ்வைரசை மனிதருக்குக் கொணர்கின்றது. தொற்றியோருட் பெரும்பாலானோர் நோயின் சாயலையும் உணரார். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகும். அவ்வாறு கடுமையாகின் நூற்றுக்கு 30 பேர் வரை இறத்தல் கூடும்; பிழைத்தோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு வலிப்பு, வாதம், புத்திக்குறைவு, பேசவியலாமை முதலியன நிலைத்துவிடும் என உலக சுகாதார தாபனம் கூறும். 1988 முதல் வழங்கப்பட்டு வரும் தடுப்பூசி இந்நாட்டின் அரும்பெருஞ் சாதனை, அதிற் பிணக்கில்லை. ஆயின், "ஊசி வந்துவிட்டதே, இனி என்ன?" என வினவுவோர், ஊசி வருமுன் பேச்சிழந்த பிள்ளைக்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்? அன்றியும், பிள்ளையின் பேச்சைப் பறிக்கும் வைரசு இஃதொன்றன்று. கருவுற்ற தாயைப் பற்றும் ருபெல்லா சிசுவின் செவியைக் கெடுக்கின்றது. கூவைக்கட்டு செவிப்புலனைப் பறிப்பதுண்டு. சின்னமுத்து நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்தபின் மூளையைச் சிதைக்கும் அரிய நோயும் உண்டு.

பேச்சு எவ்வாறு கெடுகின்றது என்பதை நிதானித்து நோக்கல் வேண்டும். யப்பானிய மூளையழற்சி மூளையின் ஆழத்தே, அசைவை ஒழுங்குசெய்யும் பகுதிகளைச் சிறப்பாகத் தாக்குகின்றது. முகம் விறைக்கின்றது, நா மந்தமாகின்றது, வாயில் எச்சில் வழிகின்றது. அப்பிள்ளை பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளவுங் கூடும், விடையிறுக்கவே இயலாது. மற்றொரு பிள்ளைக்கு நா இயங்கும், சொல் அகப்படாது. மூன்றாவதற்குக் கேள்வியே இல்லை. மூன்றும் வெவ்வேறு குறைபாடுகள். மூன்றுக்கும் வெவ்வேறு பயிற்சி வேண்டும். நாமோ மூவருக்கும் 'மந்தம்' என்ற ஒரே முத்திரையைக் குத்தி, வகுப்பின் கடைசி வாங்கில் இருத்துகின்றோம். இதனை அறியாமை எனல் ஆகாது; சோம்பல் என்பதே தகும்.

"சின்னப்பிள்ளை, தானாகத் தேறும்" என்பது அடுத்த சாட்டு. கிழவிகள் மாத்திரமன்றிப் படித்தோரும் இதனைச் சொல்வர். இதற்கு அறிவியற் பூச்சும் உண்டு. பிள்ளைப் பருவத்து மூளை காயத்தின்பின் மொழியை மீட்கவல்லது என லெனெபேர்க் 1967 இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். பின்வந்த ஆய்வுகள் அம்மீட்சி அவர் கருதிய அளவு முழுமையன்று எனக் காட்டின. மேலும், ஒரு பக்கம் காயமுற்றால் மறுபக்கம் ஈடுசெய்யக்கூடும். இருபக்கமும் அழற்சியுற்றால் ஈடுசெய்வது எது? காத்திருப்பின் கழிவது பிள்ளையின் காலமே.

இனி எம்மவர் பொறுப்புக்கு வருவோம். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகின்றது. ஆயினும் தமிழிற் சிகிச்சை அளிக்கவல்லோர் தேவைக்கு மிகக் குறைவு. ஆட்குறையை விடக் கருவிக்குறை பெரிது. ஆங்கிலச் சோதனைத் தாளைத் தமிழாக்கினால் தமிழ்ச் சோதனை ஆகிவிடும் என நம்புவோர் உளர். தமிழகத்துத் தாளைக் கொணர்ந்தாற் போதும் என்போரும் உளர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாய் ஒலிப்பது எல்லோரும் அறிந்ததே; தாயும் தகப்பனும் அவ்வாறே ஒலிக்க, பிள்ளைக்கு மாத்திரம் 'ஒலிப்புக் குறைபாடு' எனக் குறித்தல் தகுமா? எங்கள் ஊர்களிற் பிள்ளைகள் கதைப்பார்கள். 'பேசுவது' என்றால் ஏசுவது. "அம்மா பேசினவ" என்று அழும் பிள்ளையிடம் "பேசு, பேசு" என்று கேட்கும் சிகிச்சையாளர் எதனை எதிர்பார்க்கின்றார்?

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எம் பேச்சுத் தமிழை நாடக மேடையில் ஏற்றினார். பேராசிரியர் சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறையில் ஆராய்ந்தார். அவ்வழி வந்த தமிழ்த்துறைகள், மட்டக்களப்பிலோ வன்னியிலோ மலையகத்திலோ மூன்று வயதுப் பிள்ளை எவ்வொலிகளை ஒலிக்கும், எவ்வேற்றுமை உருபுகளைக் கையாளும் என்பதைச் சிகிச்சையாளர் கையிற் கொடுக்கத்தக்க ஒரு பட்டியலாக்குவதைத் தம் பணியென எண்ணாதிருப்பது ஏன்? மருத்துவபீட மாணவனுக்கு இது இலக்கணம்; தமிழ்த்துறை மாணவனுக்கு இது வைத்தியம்; ஆதலால் இருவரும் விலகி நிற்கின்றனர். தமிழ் விழாவுக்குப் பந்தல் போடும்போது மாத்திரம் இருவரும் கூடுகின்றனர்.

சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வேடுகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. உவமைகளைத் தொகுக்கும் ஏடுகளில் ஒன்றைக் குறைத்து, ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் பாலர் பாடசாலைக்கு ஒரு மாணவனை அனுப்ப எந்தத் துறைத்தலைவராலும் இயலும். அடுத்த தவணைக்குத் தலைப்புகள் இனித்தான் முடிவாக உள்ளன.