மாத்திரை இலவசம், பருப்பு?

காசநோய்க்கு மாத்திரை இலவசம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் இலவசம். 'நல்லா சாப்பிடுங்க' என்ற அறிவுரையும் இலவசம்தான். நடவு வேலை இல்லாத மாதத்தில் காலனிக்கு வந்து அதைச் சொல்லிப் பாருங்கள்.

எச்.ஐ.வி. உள்ள உடம்பு சும்மா இருக்கும்போதே கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. காசநோயும் சேர்ந்தால் மாலைக் காய்ச்சல் ஒருபக்கம் எரிக்கும், பசி செத்துப்போகும், வாய்ப்புண் வந்தால் கஞ்சியும் இறங்காது. கொழுப்பு மட்டுமல்ல, சதையே கரைகிறது. மருந்து பிடித்ததும் எடை ஏறும். ஆனால் முதலில் திரும்புவது பெரும்பாலும் கொழுப்பு. தசை மெதுவாகத்தான் வரும். 'தேறிட்டீங்க' என்று எடை இயந்திரம் சொல்லிவிடும். மண்வெட்டி பிடிக்கும்போதுதான் உண்மை தெரியும். கூலிக்குப் போகிறவருக்குத் தசைதானே கைமுதல்?

எளிய சாப்பாட்டோடு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு உலகுக்குக் காட்டியது. மருத்துவமனைப் படுக்கை கிடைக்காத ஏழைகளுக்கு அது பெரிய வரம். அதையே 'சாப்பாடு முக்கியமில்லை' என்று படித்ததுதான் பிழை. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் தானியமும் பருப்பும் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

காசநோயாளிக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆனது. நாளுக்கு 33 ரூபாய். அதுவும் நோயாளிக்கென்று தனி உலையிலா வேகிறது? சிகிச்சை முடிந்ததும் அந்தப் பணமும் நின்றுவிடும், எச்.ஐ.வி. நிற்காது.

இன்னொன்று. நம் தெருவில் மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் மாட்டுக்கறி. எந்தச் சத்துணவுச் சுவரொட்டியிலும் அதை நான் பார்த்ததில்லை.

பணத்தோடு பருப்பு, எண்ணெய், முட்டையைப் பொருளாகவே, வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் மருந்து முடிந்த பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். ரேஷன் அட்டையில் மட்டும் எந்தக் குறியும் போட்டுவிடாதீர்கள். ஊரும் தெருவும் ஒரே வரிசையில் நிற்கும் கடை அது. சாதிக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவரை நோய்க்காகவும் ஒதுக்க ஒரு குறி போதும். சுகாதாரப் பணியாளர் வழியாகவே பொருள் போகட்டும். அடுத்த கிராம சபையில், யார் பெயரையும் சொல்லாமல், இதை ஒரு தீர்மானமாகக் கேளுங்கள்.