தலைகள் வேண்டும், வாக்குகள் வேண்டாம்

"இலங்கையில் ஒழுங்காகத் தேர்தல்கள் நடந்தனவே, தமிழருக்கு என்ன குறை?" என்று புலம்பெயர் மண்ணில் நம் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். தேர்தல் நடந்தது உண்மை. எந்த விதிகளின்படி என்பதே கேள்வி.

1947இல் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. கொடுமை அத்துடன் நிற்கவில்லை. ஆசனங்களோ வாக்காளர் தொகையால் அன்றி, மொத்தச் சனத்தொகையாலும் நிலப்பரப்பாலும் பங்கிடப்பட்டன. வாக்கற்ற தோட்டத் தொழிலாளரும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டனர்! அவர்தம் தலைகளை எண்ணிப் பெற்ற ஆசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தோர் கண்டிச் சிங்கள வாக்காளர். (இப்படி ஒரு மென்பொருளை எழுதினால் என்னை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.)

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளுக்கு 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. 1978 யாப்பில் விகிதாசார முறை எழுதப்பட்டது. ஆயினும் 1982 சர்வசன வாக்கெடுப்பால் பழைய பாராளுமன்றத்தின் ஆயுளே நீட்டப்பட்டது. புதிய முறையில் பொதுத்தேர்தல் 1989இல்தான் நடந்தது. 1983 யூலைப் படுகொலைகளும், தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த ஆறாம் திருத்தமும் அந்த இடைவெளியில் வந்தவை. அத்திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர்.