சுரங்கக்காரர்கள் வாசிக்க வேண்டிய அதிகாரம்

நெய்வேலி சபைகளில் சாட்சி சொல்ல எழுந்தால், வேலை கிடைத்தது, பிள்ளைக்கு சீட் கிடைத்தது என்றுதான் துதிக்கிறோம். நல்லதுதான். ஆனால் கடவுளின் ஞானத்துக்காகவே அவரைத் துதிப்பது குறைவு. முதல் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்த எனக்கு அதைக் கற்றுத்தந்தது யோபு புத்தகத்தின் 28ஆம் அதிகாரம். பூமியைக் குடைந்து இரும்பும் பொன்னும் எடுக்கும் மனிதனின் திறமையைச் சொல்லிவிட்டு, ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது அது.

எங்களையே கேட்டதுபோல் இருக்கும். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தென்பட்ட கரி, 1961இல்தான் சுரங்கத்தில் வெளிப்பட்டது. வெட்டிப்போட்ட பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுத்தால் ஈரமாக இருக்கும்; சில கட்டிகளில் மரத்தின் நார்கூடத் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காடு! அதற்கும் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத் தரை தாங்கும். இதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் காட்டை வளர்த்தவரின் யோசனையோ நமக்கு எட்டாது. ரோமர் 11ஆம் அதிகார முடிவில் பவுலே வாதத்தை நிறுத்திவிட்டு அந்த ஞானத்தை வியந்து துதிக்கிறார்.

வரும் ஞாயிறு விண்ணப்பங்களை அடுக்குமுன், யோபு 28ஐ ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.