பாட்டியின் தலையில் ஏற்றிய பழி

அயல்நாடுகளில் குடியேறிய தமிழர் எழுதும் சிறுகதைகளில் ஒரு பாட்டி ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றாள். மகன் ஊரிலிருந்து வரவழைத்த பாட்டி. பேரன் கறுப்பினப் பெண் ஒருத்தியை மணக்க விரும்புகின்றான். பாட்டி உண்ண மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கின்றாள். மூன்றாம் நாள் பேரன் மனம் மாறுகின்றான், பாட்டி கஞ்சி குடிக்கின்றாள், கதை முடிகின்றது. குடும்பக் கடமை வென்றது என்று எழுதியவர் மகிழ்கின்றார். படிக்கும் நாமும் கண் கலங்குகின்றோம்.

நம் நிறத்தைப் பார்த்து வெள்ளையர் ஒருவர் வாடகைக்கு வீடு இல்லை என்றால், அதனை இனவெறி என்று சொல்லத் தயங்குவோமா? அதே வெறுப்பு நம் பாட்டியின் வாய்வழி வந்தால் மட்டும் பண்பாடு ஆகிவிடுமோ?

சித்தூரிலும் திருப்பதியிலும் பிறந்து வெளியேறிய நமக்கு இந்தப் பாட்டி அந்நியமானவள். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்தெடுத்து அமைத்த மாவட்டம் நம்முடையது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் திருத்தணி மீண்டது, திருப்பதி மீளவில்லை. (2022-இல் அது தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.) கோடு கிழித்த பின்னும் நகரிக்கும் திருத்தணிக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நின்றதில்லை. கடைத்தெருவில் தெலுங்கும் அடுக்களையில் தமிழும் பேசிய நம் பாட்டிமார், வந்த மருமகள் எந்த மொழியில் தாலாட்டுகின்றாள் என்று கணக்குப் பார்த்தவர்கள் அல்லர்.

அதற்காக அவர்களைத் தெய்வமாக்கவும் வேண்டா. வயல்வேலைக்கு வந்தவனுக்குக் கொல்லைப்புறத்தில் தனிக்குவளை வைத்தவளும் அவளே. வேற்று மொழியைப் பொறுத்தவள் வேற்றுச் சாதியைப் பொறுக்கவில்லை. அந்தக் குவளைதான் இன்று விமானம் ஏறி வந்து, ‘தமிழினம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கின்றது. நம் கதையாசிரியர்கள் அதனைத் துலக்கி நடுக்கூடத்தில் வைக்கின்றார்கள்.

ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யைப் படித்தவர்கள் கௌரிப் பாட்டியை மறந்திருக்க மாட்டார்கள். தலை மழித்த கைம்பெண், ஆசாரம் பிழையாதவள். இளம் வயதிலேயே கணவனை இழந்து நெய்வேலியில் ஆசிரியையாக இருக்கும் பேத்தி கீதா, மறுமணம் செய்துகொள்கின்றாள். மகன் அவளைத் தலைமுழுகத் துணிகின்றான். பாட்டியோ தன் ஆசாரத்தைக் கைவிடவில்லை. மகன் வீட்டை விட்டுப் பேத்தியிடம் புறப்பட்டுப் போகின்றாள். யாருக்குத் துணை வேண்டுமோ அவள் பக்கம் போய் நின்றாளே, அதுவன்றோ குடும்பக் கடமை! அதனை எழுத ஜெயகாந்தனுக்கு ஒரு மாநாடோ பட்டிமன்றமோ தேவைப்படவில்லை.

கி. ராஜநாராயணன் 1976-இல் தந்த ‘கோபல்ல கிராம’த்தில் தெலுங்கு நாட்டிலிருந்து இடம்பெயர்ந்த கதையைச் சொல்பவள் மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதியவள். அவளைத் தம் பாட்டி அல்லள் என்று தள்ளிய தமிழ் வாசகரை நாம் கண்டதில்லை.

மலர்களுக்குக் கதை அனுப்பும் அன்பர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. பாட்டி பட்டினி கிடந்த அந்த மூன்று நாளும் அந்தக் கறுப்பினப் பெண் எங்கே இருந்தாள்? அவள் வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தவர் யார்? அவளுக்கும் ஊரில் ஒரு பாட்டி உண்டா? அடுத்த கதையில் அதனை எழுதுங்கள்.