சாளரத்துக்குள் ஒரு முனையம்

லினக்ஸில் கேடிஇ பயன்படுத்துவோர் டால்பின் என்னும் கோப்பு மேலாளரை அறிவர். அதில் எஃப்4 விசையை அழுத்தினால் சாளரத்தின் அடியில் ஒரு முனையம் விரியும். மேலே நாம் எந்தக் கோப்புறைக்குள் நுழைந்தாலும் கீழேயுள்ள முனையமும் உடன்வந்து அங்கே நிற்கும். நூறு கோப்புகளின் பெயரை மாற்ற ஒருவரிக் கட்டளை போதும். சுட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. படமும் சொல்லும் பகையல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் கண்டதில்லை.

ஆயினும் ஒரு குறை. இவ்வாறு பொதிந்த முனையங்கள் பலவற்றில், மேலே ‘கொடி’ என ஒழுங்காகத் தெரியும் கோப்பின் பெயர், கீழே கொம்பு வேறு கால் வேறாகச் சிதறக்கூடும். காரணம் பழையது. இன்றைய முனைய மென்பொருள்கள் 1978இல் வெளிவந்த விடி100 கருவியின் வழியைப் பின்பற்றுபவை. அதன் திரை, வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் கொண்ட கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். மெய்யின் இருபுறமும் குறி பெறும் ‘கொ’ அதில் அடங்குவதில்லை.

யூனிகோடு குறிகளைத் தனித்தனியே எண்ணாமல், உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டு இடம் ஒதுக்குவதே தீர்வு. தனி முனையத்தில் இக்குறை கண்ணில் படாதிருக்கலாம். ஒரே சாளரத்தில் மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்த்தபின் பொறுப்பது தகாது.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுவோர் அரிதாக இருப்பதே இந்த அலட்சியத்துக்கு இடம் தந்தது என எண்ணுகிறேன். ஆகவே, தமிழில் பெயரிடுங்கள். சிதைந்தால் உருவாக்கியோருக்கு வழு அறிக்கை அனுப்புங்கள். கேட்காத குறை தீராது.